உடலின் உஷ்ணக் கணக்கு

கோடைக் காலத்தில் உத்தியோக நிமித்தமாகத் தில்லிக்கோ, ஜெய்ப்பூருக்கோ, நாகபுரிக்கோ முதன்முறையாக வந்து சேரும் நம்மவர், ஊரிலுள்ளோருக்குச் சொல்லியனுப்பும் முதற் செய்தி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "இங்கே வெயில் நெருப்பாய்க் கொளுத்துகிறது, ஆனால் நம் ஊரைப்போல் வியர்ப்பதில்லை" என்பார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ 36 டிகிரி வெயிலுக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தில்லியில் மே மாதத்து நண்பகலில் 44 டிகிரி காயும்போதும் அதே சட்டை உலர்ந்து, மொடமொடப்பாகவே இருக்கும். ஆகவே அவர் கூறுவது நியாயமாகத் தோன்றுகிறது. எனினும் அக்கூற்றின் முற்பாதி மெய், பிற்பாதி பொய். ஊரில் வியர்த்ததைக் காட்டிலும் அவர் இங்கு அதிகமாகவே வியர்க்கிறார். தோலின் மேல் தோன்றிய கணமே வியர்வை ஆவியாகிவிடுவதால் அது கண்ணுக்குப் புலனாவதில்லை, அவ்வளவே. புலனாகாத காரணத்தால் அந்த நீரை ஈடு செய்யவேண்டும் என்ற எண்ணமும் எழுவதில்லை. வட இந்தியக் கோடையில் புதிதாய் வந்தவர்கள் மயங்கி விழுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இதனைச் செவ்வையாக அறிந்துகொள்ள வேண்டுமானால், மனிதனை மட்டும் பார்த்தால் போதாது. ஒட்டகம், எருமை, நாய், காக்கை, மலைப்பாம்பு, தேனீ ஆகிய எல்லா உயிர்களும் தம் உடலின் வெப்பநிலையை எவ்வாறு காத்துக்கொள்கின்றன என்று பார்த்தல் வேண்டும்.

தொடங்குமுன், மொழிபெயர்ப்புத் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிய மனக்குறையை இங்கே வெளியிட அனுமதி வேண்டுகிறேன். பாடநூல்களில் விலங்குகளை 'வெப்ப இரத்தப் பிராணிகள்' என்றும் 'குளிர் இரத்தப் பிராணிகள்' என்றும் பிரித்திருப்பதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மேனாட்டு மொழிகளில் இருந்த பிழையான வழக்கு அப்படியே தமிழிலும் வந்து குடியேறிவிட்டது. பாலைவனத்துப் பல்லியினங்கள் சில, 40 டிகிரி செல்சியஸ் உடல் வெப்பத்துடன் சுறுசுறுப்பாக ஓடியாடித் திரிகின்றன. அந்த நிலையில் அவற்றின் இரத்தம் நம் இரத்தத்தைவிடச் சூடானது. அவற்றைக் 'குளிர் இரத்தப் பிராணி' என்பது எங்ஙனம் பொருந்தும்? உண்மையான வேறுபாடு, உஷ்ணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. பறவைகளும் பாலூட்டிகளும் தாம் உண்ணும் உணவை உடலுக்குள் எரித்து வேண்டிய உஷ்ணத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. பல்லி, பாம்பு, ஆமை முதலியன பெரும்பாலும் வெயிலிலிருந்தும் சூடேறிய பாறையிலிருந்தும் அதைக் கடன் வாங்குகின்றன.

சொந்தமாகச் சம்பாதிப்பவர்களின் கணக்கை முதலில் பார்ப்போம். ஒன்றும் செய்யாமல் நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதனின் உடலும் இடையறாது உஷ்ணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதன் அளவு, பழைய காலத்து நூறு வாட் மின்விளக்கு ஒன்று வெளியிடுவதற்குச் சற்றுக் குறைவானது. இந்த உஷ்ணம் வெளியேற வழியின்றி உடலிலேயே தங்குமானால், மணிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் உடலின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். காலையில் 37 டிகிரியில் இருந்தவர் பிற்பகலுக்குள் உயிருக்குப் போராடவேண்டியதுதான். அவ்வாறு நிகழாதிருப்பது, வரவுக்குச் சரியாகச் செலவும் நடந்துகொண்டிருப்பதனாலேயே.

செலவாகும் வழிகள் சில. சூடான உடலிலிருந்து அதைவிடக் குளிர்ந்த பொருள்களுக்கு உஷ்ணம் கதிராகப் பாய்கிறது. உடலைத் தொட்டுச் செல்லும் காற்று அதை வாரிக்கொண்டு போகிறது. குளிர்ந்த தரையில் படுத்தால் தரை அதை வாங்கிக்கொள்கிறது. இவையெல்லாம் சுற்றுப்புறம் நம் தோலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை மட்டுமே பயன்படும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதையும் மிஞ்சிச் சூடாகிவிட்டால், இதே வழிகளின் வாயிலாக உஷ்ணம் வெளியிலிருந்து உள்ளே நுழையத் தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் தேதியன்று ராஜஸ்தானத்தின் பலோடியில் 51 டிகிரி பதிவாயிற்று. அத்தகைய நாளில் காற்று, தரை, சுவர் ஆகிய யாவும் உடலுக்கு உஷ்ணத்தைக் கொடுப்பவையே. அப்போது எஞ்சியிருக்கும் வழி ஒன்றேயாகும்: நீரை ஆவியாக்குதல்.

இது வெகுநாள்வரை விஞ்ஞானிகளுக்கே தெளிவாகவில்லை. 1774ஆம் ஆண்டில் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற வைத்தியர், ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மற்றொரு வைத்தியர் அமைத்த சூடேற்றிய அறைகளுக்குள் நண்பர்கள் சிலரோடு நுழைந்து பரிசோதனைகள் செய்தார். கேப்டன் குக்குடன் கடற்பிரயாணம் செய்து திரும்பியிருந்த ஜோசப் பேங்க்ஸும் அக்குழுவில் ஒருவர். அறையின் வெப்பம் படிப்படியாக உயர்த்தப்பட்டு, இறுதியில் நம் கணக்கில் சுமார் 127 டிகிரி செல்சியஸை எட்டியது. நீர் கொதிக்கும் நிலையைக் காட்டிலும் இது அதிகம். அறைக்குள் வைத்த முட்டை வெந்து கெட்டியாயிற்று. இறைச்சித் துண்டு பதமாக வெந்தது. ஆனால் அதே காற்றைச் சிறிது நேரம் சுவாசித்து நின்ற மனிதர்களின் உடல் வெப்பநிலையோ ஏறக்குறைய மாறாமலே இருந்தது. ஒரு நாயையும் கூடையில் இருத்தி உள்ளே வைத்தனர். சூடான தரை அதன் பாதங்களைச் சுட்டுவிடாதிருக்கவே அந்தக் கூடை. நாயும் நலமாகவே வெளிவந்தது. உயிருள்ள உடலுக்கு உஷ்ணத்தை அழிக்கும் ஆற்றல் உண்டு என்றும், அதற்கு ஆவியாதல் பெருந்துணை புரிகிறது என்றும் பிளாக்டன் எழுதினார். அறையின் காற்று உலர்ந்திருந்தது என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். பிறகு அது தேவைப்படும்.

ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுவதும் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி உஷ்ணத்தைத் தன்னோடு கொண்டுசெல்கிறது. ஓய்வாக இருக்கும் மனிதன் ஏழெட்டு மணி நேரத்தில் உண்டாக்கும் உஷ்ணம் அது. இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகளைத் தோலெங்கும் பெற்றிருக்கும் மனிதனுக்கு, மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்க இயலும். பிராணி உலகில் இது அபூர்வமான திறமை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஆவியாகும் வியர்வைதான் உடலைக் குளிர்விக்கிறது. நெற்றியிலிருந்து வழிந்து தரையில் சொட்டிய துளி, எந்தப் பயனையும் தராமல் போன வீண் செலவு. நாகப்பட்டினத்தில் சட்டையை நனைத்த வியர்வையிற் பெரும்பகுதி இவ்வகைப்பட்டதே. தில்லியில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த வியர்வையோ, ஒரு துளியும் வீணாகாமல் தன் வேலையைச் செய்துவிட்டுப் போயிற்று.

இனி மற்றப் பிராணிகளைக் காண்போம். நாய்க்கு உள்ளங்கால்களைத் தவிர வேறிடங்களில் உடலைக் குளிர்விக்கத்தக்க வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அது நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிறது. மூக்கு, வாய், நாக்கு ஆகியவற்றின் ஈரப் பரப்புகளின் மேல் காற்றை விரைவாக ஓட்டி நீரை ஆவியாக்குவதே அதன் உபாயம். நிமிஷத்திற்கு முந்நூறு தடவைக்கு மேல் மூச்சு வாங்குவதென்றால் அந்த உழைப்பே புதிய உஷ்ணத்தை உண்டாக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊஞ்சலை அதன் இயல்பான வேகத்தில் ஆட்டினால் விரல் நுனியால் தள்ளினாலே போதும். வேறு வேகத்தில் ஆட்ட முயன்றால் கை வலிக்கும். நாயின் மார்புக்கூட்டிற்கும் அத்தகைய இயல்பான வேகம் ஒன்றுண்டு. நாய் மெதுவாக இளைப்பதில்லை. ஒன்று சாதாரணமாக மூச்சு விடுகிறது, அல்லது அந்த இயல்பான வேகத்திற்கு ஒரேயடியாகத் தாவிவிடுகிறது. ஆகவே உழைப்பு மிகச் சொற்பம். 1962ஆம் ஆண்டிலேயே இது கண்டறியப்பட்டது.

பறவைகளுக்கோ வியர்வைச் சுரப்பிகளே கிடையா. மே மாதத்து நண்பகலில் மதில்மேல் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்கும் காக்கையை நேயர்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அது தாகத்தால் தண்ணீர் கேட்கிறது என்பது நம் இரக்கத்தின் விளக்கம். அந்நேரத்தில் அது தன்னைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. நீர்க்காகமும் கூழைக்கடாவும் தொண்டைத் தோலைப் படபடவென அடித்துக்கொண்டு அதே காரியத்தைச் செய்கின்றன. நாரையினத்தில் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு: தன் திரவ எச்சத்தைத் தன் நீண்ட கால்களின் மேலேயே பீச்சிக்கொள்ளும். அது ஆவியாகும்போது கால்களில் ஓடும் இரத்தம் குளிர்கிறது. அசுத்தம் என்று முகஞ்சுளிக்கலாம். ஆனால் நீர்ச்சிக்கனத்தில் இதற்கு இணையில்லை. எப்படியும் கழிக்கவேண்டிய நீர் அல்லவா?

எருமையின் நிலைமை பரிதாபத்திற்குரியது. கறுத்த தோல், வெயிலைத் தடுக்க அடர்ந்த மயிரில்லை, வியர்வைச் சுரப்பிகளோ பசுவுக்கு இருப்பதைக் காட்டிலும் மிகக் குறைவு. நீரையும் சேற்றையும் நம்பியே அது வாழவேண்டியிருக்கிறது. குட்டையில் கழுத்தளவு அமிழ்ந்து கிடக்கும் எருமையைச் சோம்பேறித்தனத்திற்கு உவமையாக்கிவிட்டோம். தனக்கு இல்லாத வியர்வையை அது குட்டையிலிருந்து இரவல் வாங்குகிறது என்பதே உண்மை. சேறு பூசிக்கொள்வதிலும் ஒரு நுட்பம் உண்டு: வெறும் நீர் சில நிமிஷங்களில் உலர்ந்துவிடும், சேறு நெடுநேரம் ஈரத்தைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக ஆவியாக்கும். யானையும் இதை அறியும். ஆப்பிரிக்க யானையின் தோலிலுள்ள நுண்ணிய வெடிப்புகள் வலைபோல் பின்னிக்கிடந்து, வழவழப்பான தோலைக் காட்டிலும் ஐந்து முதல் பத்து மடங்கு நீரைத் தேக்கி வைக்கின்றன என்று 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. யானையின் செவிகள் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய விசிறிகள். அவற்றை ஆட்டுவதால் குழாய்களில் ஓடும் இரத்தம் குளிர்ந்து உடலுக்குத் திரும்புகிறது.

நம் நாட்டுத் திமில் மாடுகளையும் மறந்துவிடக்கூடாது. ஐரோப்பிய மாடுகளைக் காட்டிலும் இவற்றிற்கு வியர்வைச் சுரப்பிகள் அதிகம். உடல் உண்டாக்கும் உஷ்ணமோ குறைவு. ஆந்திரத்து ஓங்கோல் மாடுகள் கடல் கடந்து சென்று, நெல்லூரின் பெயரைத் தாங்கிப் பிரேசில் நாட்டின் மேய்ச்சல் வெளிகளை நிரப்பியிருப்பதன் இரகசியம் இதுவே. வெளிமாநிலம் சென்று நிலைபெற்றவர்களில் அவை நமக்கு மூத்தவை.

இதுவரை கூறிய எல்லா உபாயங்களுக்கும் விலை ஒன்றுதான்: தண்ணீர். தண்ணீர் கிடைக்காத இடத்தில் வாழும் பிராணி என்ன செய்யும்? ஒட்டகத்தைப் பற்றி அக்கறையுடன் ஆராயப்பட்டது இந்தக் கேள்விக்கு விடை காணவே.

ஒட்டகம் தன் வயிற்றிலோ திமிலிலோ தண்ணீரைச் சேமித்து வைக்கிறது என்ற கதை மிகப் பழையது. இன்றும் பள்ளிப் பிள்ளைகள் சொல்லக் கேட்கிறோம். திமிலில் இருப்பது கொழுப்பு. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த க்னுட் ஷ்மிட் நீல்சன் என்ற விஞ்ஞானியும், அவருடைய மனைவியும் தாமே ஒரு விஞ்ஞானியுமான போடிலும், 1953-54ஆம் ஆண்டுகளில் அல்ஜீரியாவின் சஹாரா பாலைவனத்திலுள்ள பெனி அப்பெஸ் என்ற சோலையூரில் குடும்பத்தோடும் உடன் உழைப்போரோடும் தங்கி ஒட்டகங்களை ஆராய்ந்தனர். நீரருந்தாமல் நாட்கணக்கில் இருந்த ஒட்டகத்தின் உடல் வெப்பநிலையை இரவும் பகலும் அளந்தபோது ஓர் அதிசயம் வெளியாயிற்று. வேண்டிய அளவு நீர் கிடைக்கும் ஒட்டகத்தின் வெப்பநிலை ஒரு நாளில் இரண்டு டிகிரி அளவே ஏறி இறங்குகிறது. நீர் கிடைக்காத ஒட்டகத்திற்கோ, விடியற்காலையில் 34 டிகிரி. பிற்பகலில் 40 டிகிரிக்கும் மேல். நமக்கு இந்த ஏற்றம் கடுங்காய்ச்சல். ஒட்டகத்திற்கு அது சிக்கனம்.

எவ்வாறெனில், பகலில் வந்து சேரும் உஷ்ணத்தை உடனுக்குடன் வியர்வையாகச் செலவிட்டு விரட்டாமல், அதைத் தன் பெரிய உடலிலேயே ஒட்டகம் தேக்கிவைத்துக்கொள்கிறது. இரவில் பாலைவனம் குளிர்ந்தபின், ஒரு சொட்டு நீரும் செலவின்றி அந்த உஷ்ணத்தை வானத்திற்கும் காற்றுக்கும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒட்டகம் ஆறு டிகிரி சூடேறுவதால் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் ஐந்து லிட்டர் நீர் மிச்சமாகிறது. மேலும் ஒரு லாபம் உண்டு. உடல் 40 டிகிரியில் இருக்கும்போது, வெளிக்காற்றுக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாடு குறைந்துவிடுகிறது. ஆகவே உள்ளே பாயும் உஷ்ணமும் குறைகிறது. தவணை சொல்லிக் கடனைத் தள்ளிவைத்தவனுக்கு வட்டியும் குறைந்தாற்போல!

அந்த ஆராய்ச்சியில் ஓர் ஒட்டகத்தின் மயிரை மழித்துப் பார்த்தனர். வெயிலில் கம்பளியை நீக்கினால் குளிர்ச்சிதானே உண்டாகவேண்டும்? மழிக்கப்பட்ட ஒட்டகம், மழிக்கப்படாததைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீரைச் செலவிட்டது. அடர்ந்த மயிர், உஷ்ணம் உள்ளே வராமல் தடுக்கும் திரையாகவும் இருக்கிறது. மார்வாடத்து உழவர் கோடை வெயிலில் கனத்த தலைப்பாகையோடு உலவுவதைக் கண்டு வியப்புறும் நம்மவர், இதை எண்ணிப் பார்க்கலாம். வெற்றுடம்போடு வெயிலில் திரிவது ஈரக்காற்று வீசும் கடற்கரைக்கு ஏற்ற வழக்கம். 'லூ' என்னும் அனற்காற்று வீசும் நிலத்திற்கு அது பொருந்தாது.

ஒட்டகத்தின் வேறொரு ஆற்றலும் கருதத்தக்கது. தன் எடையில் கால்பங்கு வரை நீரை இழந்தும் அது உயிரோடு நடமாடும். மனிதனோ வெயிலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தாலே அபாயத்தில் ஆழ்கிறான். வித்தியாசம் இரத்தத்தில் இருக்கிறது. நம் உடலில் நீர் குறையும்போது இரத்தமும் அளவில் சுருங்கித் தடிப்பேறுகிறது. தடித்த இரத்தத்தை இருதயத்தால் தோலுக்கு விரைவாக அனுப்ப முடிவதில்லை. தோலுக்கு வராத உஷ்ணம் உள்ளேயே மூண்டு, வெப்பநிலை திடீரென்று உயர்கிறது. ஒட்டகம், இரத்தத்தின் நீரைக் கூடியவரை காத்து, மற்றத் திசுக்களின் நீரையே இழக்கிறது. பிறகு கிணற்றை அடைந்ததும், பத்து நிமிஷங்களில் சுமார் நூறு லிட்டர் நீரைக் குடித்துவிடவும் அதனால் முடியும்.

ஆடு, மாடு, மான் முதலிய குளம்புள்ள பிராணிகள் பலவற்றிற்கும், ஒட்டகத்திற்கும், வேறோர் ஏற்பாடும் அமைந்திருக்கிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் மூளையின் அடியில் நுண்ணிய வலையாகப் பிரிகிறது; மூக்கின் ஈரத்தால் குளிர்ந்து திரும்பும் இரத்தம் அந்த வலையைச் சூழ்ந்து செல்கிறது. உடல் சூடேறினாலும் மூளைக்குச் செல்லும் இரத்தம் சற்றுக் குளிர்ந்தே செல்கிறது. கொல்லையில் கட்டிக்கிடக்கும் வெள்ளாட்டுக்கு இருக்கும் இந்தச் சௌகரியம் நமக்கில்லை.

உஷ்ணத்தைக் கடன் வாங்கும் வகுப்பாரிலும் கெட்டிக்காரர்கள் உண்டு. காலையில் வேலிமேல் வெயில் காயும் ஓணான், உடம்பை வெயிலுக்குக் குறுக்காகத் திருப்பி உஷ்ணத்தை வாங்குகிறது. போதுமென்றவுடன் நிழலுக்கு ஓடிவிடுகிறது. இவ்வாறு இடம் மாறி மாறியே பகல் முழுவதும் ஒரே வெப்பநிலையைக் காக்கிறது. இவ்வகுப்பில் ஒரு விதிவிலக்கு நம் நாட்டு மலைப்பாம்பு. லாமார் பிக்கோ என்னும் பிரெஞ்சுப் பிரயாணி, இந்தியாவில் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு அடைகாக்கும் பெண் மலைப்பாம்பின் உடல் சூடாக இருப்பதைக் கண்டு, 1832ஆம் ஆண்டில் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தாருக்குத் தெரிவித்தார். பண்டிதர்கள் நம்ப மறுத்துவிட்டனர். 1841இல் பாரிஸ் நகரத்து மிருகக்காட்சிசாலையிலேயே ஒரு மலைப்பாம்பு அடைகாத்தபோது, வலான்சியேன் என்ற பேராசிரியர் வெப்பமானியால் அளந்து அது உண்மையே என்றார். 1966இல் நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் ஓர் இந்திய மலைப்பாம்பை ஆராய்ந்தபோது காரணமும் உறுதியாயிற்று: தசைகளை விட்டுவிட்டு இறுக்கி, நாம் குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கியே அது உஷ்ணத்தை உண்டாக்குகிறது. சுற்றுப்புறம் குளிரக் குளிர நடுக்கமும் விரைவடைந்தது. தன் சுற்றுப்புறத்தைவிட நாலைந்து டிகிரி அதிகமாக முட்டைகளைக் காக்க அதனால் முடிந்தது.

தேனீக்களோ கூட்டுக் குடும்பமாக இதைச் சாதிக்கின்றன. புழுக்கள் வளரும் அறைகளை 34, 35 டிகிரியில் வைத்திருக்கின்றன. குளிர்ந்தால் சிறகுத் தசைகளை அதிரவிட்டுச் சூடேற்றும். சூடானால் நீர் கொணர்ந்து அறைகளின் மேல் மெழுகி, சிறகுகளால் விசிறும். மார்ட்டின் லிண்டாயர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, இத்தாலியில் சாலெர்னோ அருகே எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை வெளியில் வெயிலுக்கு நடுவே ஒரு தேன்கூட்டை வைத்துப் பார்த்தார். வெளியே வெப்பம் 60 டிகிரியை எட்டிய அந்த இடத்திலும், நீர் கிடைக்கும்வரை கூட்டின் உட்புறம் 36 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. தில்லியில் வெட்டிவேர்த் தட்டிக்கு நீர் தெளித்தும் 'கூலர்' இயந்திரத்தைச் சுழலவிட்டும் நாம் செய்வது இதுவே.

குளிரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அது எளிய விஷயம். மயிரையும் இறகையும் சிலிர்த்துக் காற்றைச் சிறைப்படுத்துதல், தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குதல், நடுங்குதல் ஆகியவை போதும். ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். இமயத்தைக் கடந்து நம் நாட்டிற்கு வரும் வரித்தலை வாத்து, நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் வரையில் வருவதுண்டு. அதன் வெறுங்கால்கள் பனிநீரில் நிற்கும்போதும் உடலின் உஷ்ணம் அவ்வழியே ஒழுகிவிடுவதில்லை. வாத்தினத்தின் கால்களில், கீழிறங்கும் சூடான இரத்தமும் மேலேறும் குளிர்ந்த இரத்தமும் அடுத்தடுத்த குழாய்களில் ஓடுகின்றன. இறங்குவது தன் உஷ்ணத்தை ஏறுவதற்கு வழியிலேயே கொடுத்துவிடுகிறது.

இனி மனிதனிடம் திரும்புவோம். நம் மூளையின் அடிப்புறத்தில் ஹைப்போதலமஸ் என்னும் சிறுபகுதி, உடல் எந்த வெப்பநிலையில் இருக்கவேண்டும் என்று நிர்ணயித்து அதற்கேற்ப வியர்வையையும் நடுக்கத்தையும் ஏவுகிறது. நோய்க் கிருமி நுழையும்போது அந்த நிர்ணயத்தையே அது உயர்த்திவிடுகிறது, அதுவே காய்ச்சல். 39 டிகிரி வேண்டும் என்று மூளை முடிவு செய்தபின், 37 டிகிரியில் இருக்கும் உடல் குளிரால் நடுங்குகிறது. இது கேடு மட்டுமன்று. நோய்க் கிருமி செலுத்தப்பட்ட பாலைவனப் பல்லிகள் தாமே வெப்பமான இடத்தை நாடிச் சென்று உடலைச் சூடேற்றிக்கொள்கின்றன என்றும், அவ்வாறு செய்ய முடியாமல் தடுக்கப்பட்டவை அதிகமாக மடிந்தன என்றும் அமெரிக்காவில் க்ளூகர் என்பவரும் அவருடைய சகாக்களும் 1975ஆம் ஆண்டில் காட்டினர்.

வெயில் தாக்கி உடல் சூடேறுவது முற்றிலும் வேறு. அங்கே மூளையின் நிர்ணயம் 37 டிகிரியிலேயே இருக்கிறது. செலவு வழிகள் அடைபட்டதால் கணக்கு உடைந்துவிட்டது. காய்ச்சல் மாத்திரைகள் உயர்ந்த நிர்ணயத்தைக் கீழே இறக்குபவை; உயராத நிர்ணயத்தில் அவற்றிற்கு வேலை இல்லை. வெயிலில் மயங்கியவருக்கு அம்மாத்திரைகளைக் கொடுத்துக் காத்திருப்பது விலைமதிப்பற்ற நிமிஷங்களை இழப்பதாகும். நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீரைக் கொட்டி, விடாமல் விசிறவேண்டும். வைத்தியரை அழைப்பதும் இதுவும் ஒரே சமயத்தில் நடக்கவேண்டும். நினைவு தவறியவரின் வாயில் நீர் ஊற்றலாகாது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத் நகரில் வழக்கத்தைவிட ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டோர் அதிகமாக மாண்டனர். அதன் பின்னரே, 2013இல், அந்நகரம் வெப்ப காலத்திற்கென்று ஒரு நடவடிக்கைத் திட்டத்தை வகுத்தது. பிற நகரங்கள் பலவும் அதைப் பின்பற்றின.

பிளாக்டனின் அறையில் காற்று உலர்ந்திருந்தது என்று முன்னர்க் குறிப்பிட்டோம். காற்று ஈரமாயிருந்தால் வியர்வை ஆவியாகாது. ஆகவே வெயிலின் கடுமையை வெறும் வெப்பமானி காட்டாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியே ஓரளவு காட்டும். 44 டிகிரி வெப்பமும் 15 சதவீத ஈரப்பதமும் உள்ள தில்லி நண்பகலில் ஈரத்துணி வெப்பமானி 23 டிகிரியளவே காட்டும். 36 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள கடற்கரையில் அது 29 டிகிரி காட்டும். ஊரில் புழுங்கியது நம்மவரின் கற்பனையன்று! ஈரத்துணி வெப்பமானி 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் வெறுமனே படுத்திருக்கும் ஆரோக்கியமான மனிதனும் சில மணி நேரத்திற்கு மேல் தாங்கமாட்டான் என்று 2010இல் கணக்கிட்டனர். 2022இல் வெளியான பரிசோதனைகளோ, ஈரமான காற்றில் அந்த எல்லை 31 டிகிரியை ஒட்டியே வந்துவிடக்கூடும் என்று காட்டின. தில்லியில் ஜூலை மழை தொடங்கியபின் 'கூலர்' பயனற்றுப்போவதும், மண்பானை நீர் குளிராமலிருப்பதும் இதனால்தான். மே மாதத்துத் தில்லியில் அபாயம் நீரிழப்பு. ஜூலை மாதத்துத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அபாயம் ஆவியாகாத வியர்வை.

ஆகவே வறண்ட கோடையில் தாகத்தை வழிகாட்டியாகக் கொள்வது போதாது. வியர்வை தெரியாத அளவுக்குத் தாகமும் பின்தங்கியே வருகிறது. சிறுநீரின் நிறம் கறுத்துவருவது அதைக் காட்டிலும் நம்பத்தக்க அடையாளம். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், வெறும் நீரோடு உப்பிட்ட நீர்மோரும் நன்று. அந்த விஷயத்தில் நம் பாட்டிமாரும், பச்சை மாங்காயை வேகவைத்துப் பானகம் செய்யும் வடநாட்டுப் பாட்டிமாரும் ஒத்த கருத்தினர்.

உடல் புதிய வெயிலுக்குப் பழகவும் செய்கிறது. ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, அளவில் மிகுகிறது, அதிலுள்ள உப்புக் குறைகிறது. முதல் வாரத்தில் வெயிலில் கடும் உழைப்பைச் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும் என்று வைத்தியர்கள் கூறுவது இதனால்தான். பெற்ற பழக்கம் சில வாரங்களில் மறைந்தும் போகிறது. மே மாதத்தை உதகையிலோ கொடைக்கானலிலோ கழித்துவிட்டு ஜூன் தொடக்கத்தில் நாகபுரிக்குத் திரும்புகிறவர், அங்கே இருபது வருஷம் வாழ்ந்தவரேயாயினும், அந்த முதல் வாரத்தில் அவருடைய வியர்வைச் சுரப்பிகளுக்கு அவர் புதிதாக வந்து இறங்கியவரே.